பதினொரு விதை

அண்ணனின் தக்காளிக்கு இருநூறு வயது என்று தெருவெல்லாம் பலகை. ஐந்து வருடத்துக்கு முன்பு அதே தக்காளிக்கு நூறு வயதுதான். அண்ணன் வாயில் போட்டால் எதுவும் மளமளவென்று வளரும். இப்போது அது தாத்தா காலத்து ரகம்தான் என்று சான்றிதழ் வேண்டுமாம். அதில் கையெழுத்துப் போடவேண்டியவள், விதைக் காப்பகத்தில் பதிவேடு பார்க்கும் அவருடைய தங்கை.

நாற்பது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில், தாத்தா தன் தக்காளி விதையைக் கொடுத்த தேதி இருந்தது. "இலை ஓரத்தில் பல் கிடையாது" என்ற குறிப்பும் இருந்தது. அண்ணன் கொண்டுவந்த செடியின் இலையோ ரம்பம்.

"எழுதினவன் கண்ணாடி போடாம எழுதியிருப்பான். நீ கையெழுத்தப் போடும்மா."

"ஏடு ஒண்ணு சொல்லுது, செடி ஒண்ணு சொல்லுது. நான் எத நம்ப?"

"கூடப் பொறந்தவன நம்பு."

"அதான் பயமா இருக்கு அண்ணா."

தாத்தாவின் விதை உறை ஈரத்தில் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. பக்கத்தை மூடப்போனவளின் விரலில் ஏதோ நெருடியது. அந்தக் காலத்துக் குமாஸ்தா பழத்தைப் பிழிந்து, விதையைச் சதையோடு பக்கத்தின் ஓரத்திலேயே தடவிக் காயவிட்டிருந்தார். சோம்பலோ, சாமர்த்தியமோ. எண்ணினாள். பதினொன்று.

முளைக்கவைக்க வேண்டுமானால் பக்கத்தை வெட்டவேண்டும். பதிவேட்டில் கத்தரி வைத்தால் வேலை போகும். விதை ஒட்டிய இடத்தை மட்டும் வெட்டினாள்.

ஈரத் துணியில் பத்து நாள் ஒன்றும் அசையவில்லை.

"பொணத்துக்கு வைத்தியம் பாக்குற" என்று அண்ணன் சிரித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் ஒன்றே ஒன்று, கூன் முதுகோடு எழுந்து நின்றது. தலையில் விதைத்தோல்; தோலில் ஒட்டிய காகிதத் துணுக்கு; துணுக்கில் குமாஸ்தாவின் மையில் அரை எழுத்து. அவள் அதை மண்தொட்டிக்கு மாற்றினாள்.

ஐந்தாவது இலை விரிந்த அன்று அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு பல்கூட இல்லை. மேடை கிடைத்தால் இறங்காத மனிதர் இலையின் ஓரத்தை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினார்.

"இருநூறு இருநூறுன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேனே... நாப்பது வருஷமே இவ்வளவு நீளமாம்மா?"

"ஆமாண்ணா."

"என்னோடது?"

"ஏதோ கடைத் தக்காளி."

"பலகைய எல்லாம் எறக்கச் சொல்லிடுறேன்" என்றவர், செடி விழித்துக்கொள்ளும் என்பதுபோல அடிமேல் அடிவைத்து வெளியேறினார்.

அவள் பதிவேட்டை எடுத்து, வெட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில் விதிப்படி எழுதினாள்: பக்கம் சேதம். காரணம்: முளைத்துவிட்டது.