கேமரா முதலில் போகும் முகம்

பதினேழாம் எண் கட்டுரையில் ஓர் அடித்தல்கூட இல்லை. இருபது வருடமாகப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். பள்ளிப் பிள்ளை எழுதியது என்றால் எங்காவது ஒரு கோணல் இருக்கும். இல்லையென்றால் பின்னால் பெரியவர் ஒருவரின் கை இருக்கும்.

எங்கள் பத்திரிகை மாணவர்களுக்கு வைத்த போட்டி. தலைப்பு: ஊடகங்கள் யாரை எப்படிக் காட்டுகின்றன? பெயரை உறைக்குள் ஒட்டி, எண் மட்டும் போட்டு என்னிடம் தருவார்கள். பதினேழு, வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. ஆறு தொடர்களில் பத்தொன்பது திருட்டு. அதில் பதினாறு முறை, நகையைக் காணோம் என்றதும் கேமரா முதலில் வேலைக்காரியின் முகத்துக்குத்தான் போகிறதாம். முதல் பரிசுக்கு அதை விட்டால் வேறில்லை.

"யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க," என்றேன் ஆசிரியரிடம்.

அவர் உறையைப் பிரித்தார். தாயின் தொழில்: வீட்டு வேலை.

"அப்பச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டு முன்னால உக்கார வெச்சு எழுதச் சொல்லுங்க. முழிச்சாள்னா போட்டியிலேருந்து தூக்கிடலாம்," என்றார்.

மறுநாள் மாலை அந்த மாணவி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அம்மா துணிப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைமேல் கிடந்த என் கைபேசியை இழுப்பறையில் போட்டுவிட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"இந்த அறையில நடக்கறதப் பத்தி எழுதும்மா."

"பேனா இருக்கா சார்?"

டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தேன்.

ஆசிரியரும் எதிரே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் எங்களையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் இறக்கினாள். அடித்தல் ஏன் இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாள் என்று நினைத்தேன்.

தாளை வாங்கினேன்.

'ஆசிரியர் எங்கள் பையை இரண்டு தடவை பார்த்தார். பிழை திருத்துபவர் கைபேசியை இழுப்பறைக்குள் வைத்தார். அவர் சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கிறது. எனக்குப் பென்சில் கிடைத்தது. இங்கே இன்னும் எதுவும் காணாமல் போகவில்லை.'

"என்னய்யா, அவளோடதுதானா?" என்றார் ஆசிரியர்.

சுமார்தான் என்று சொல்லித் தாளை மடித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். சத்தமாக வாசித்தேன், என்னைப் பற்றிய வரிகளையும் விடாமல்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "பட்டியல்ல போடுங்க," என்றார் கடைசியில்.

முதல் பரிசு என்பதற்கு நேராகப் பதினேழு என்று எழுதினேன். அவள் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"பென்சிலை டப்பாவுல போட்டுட்டேன் சார். ஒரு தடவை பாத்துக்குங்க."

"ஏய், வாயை அடக்கு," என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் நகரவில்லை. டப்பாவின் பக்கம் கண் போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.