பெட்டிக்குள் வைத்த குரல்

நாகல் நகரில் மைக் செட் வாடகைக்கு விடும் முகமது பாரூக்கிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அறுபத்து நாலில் திண்டுக்கல்லில் அது வீட்டில் யானை கட்டியதற்குச் சமம். டேப் சுருள் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. அதனால் போன வாரக் கல்யாணத்தை அழித்துவிட்டு அதிலேயே இந்த வாரக் கல்யாணத்தைப் பதிவார். எவர் பேச்சு அழிந்தது என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

ஒரே ஒரு சுருளை மட்டும் தனியாக வைத்திருந்தார். எட்டு வயது மகள் தாஹிரா, "அத்தா, நான் ஓதவா?" என்று கேட்டு, ஓத ஆரம்பித்துப் பாதியில் சிரித்துவிட்ட சுருள் அது. காய்ச்சல் கண்டு பிள்ளை மௌத்தானபோது வீட்டில் அவளுடைய போட்டோகூட இல்லை. மிஞ்சியது அந்தச் சிரிப்புதான்.

மனைவி ஜெய்தூன் பீவிக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அவசரத்தில் கைக்கு வந்ததை மாட்டும் மனுஷன். அவரிடம் சொல்லாமல் சுருளை எடுத்து ஒளித்துவைத்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து உறவுக்காரர்கள் போனபின் சுருளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"புள்ள கொரல ஒருக்கா போடுங்க."

மாட்டினார். இரைச்சல்தான் வந்தது. சுருளைத் திருப்பிப் போட்டார். அதே இரைச்சல்.

எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். பரண்மேல் இருக்கும் ஸ்பேர் யூனிட் பெட்டியில் என்றாள். குழாய் ஒலிபெருக்கிக்குப் பின்னால் மாட்டும் யூனிட் அது. அந்தப் பெட்டியை ஒருவரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரே பாரூக்தான். அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியவில்லை.

யூனிட்டுக்குள் இருப்பது பெரிய காந்தம். காந்தத்தின் பக்கத்தில் டேப்பை வைத்தால் பதிவு அழிந்துபோகும். கடையாட்களிடம் நூறு தடவை சொன்ன விஷயம். பொம்பளைக்கு எதற்கு இந்த விவரம் என்று வீட்டில் சொல்லாமல் விட்ட பாவி அவர்.

"யாருங்க அழிச்சது?" என்றாள்.

நீதான் என்று சொன்னால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள்.

"நாந்தேன். நீ எடுத்து வைக்கிறதுக்கு முந்தியே, மைக்க மாட்டாம பதிவுப் பொத்தான அமுக்கிட்டேன்."

ஜெய்தூன் அழவில்லை.

"உங்களுக்குப் பயந்துதேன் ஒளிச்சு வச்சேன். ஒரு நா பிந்திட்டேன்."

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு வைத்தாள், துணி துவைத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. பாரூக்கும் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.