கதவைப் பார்க்கும் நாற்காலி

அமெரிக்காவின் பஃபலோ நகரப் போலீஸில் துப்பறிவாளராக இருந்து ஓய்வுபெற்ற காஸிமிருக்கு, அவர் மகள் ஒரு பழைய போலீஸ் தொடரை டிவிடி பெட்டியாக அனுப்பியிருந்தாள். வேலையில் சேர்ந்த புதிதில் அவர் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த தொடர். இப்போதோ சோபாவில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார், மறுபடி ஓடவிட்டார்.

"ஐயோ, கொஞ்சம் சும்மா இரேன்!" என்றாள் மனைவி லொரெட்டா.

"எப்படி இருக்கறது? அங்க பாரு அந்த மடையனை!"

திரையில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் சுவரோரமாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எதிரே அவன் கூட்டாளி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"கூட வந்தவனை எவனாவது இப்படி உக்கார வைப்பானா? பின்னாலேர்ந்து ஒருத்தன் சுட்டா?"

"நாப்பது வருஷமா எந்த ஹோட்டலுக்குப் போனாலும் நீ ஓடிப்போய் சுவரோர நாற்காலியைப் புடிச்சுப்ப. எதிர்ல யாரு உக்காந்தா?"

காஸிமிர் கையை ஆட்டி மறுத்தார். "அது வேற. நான்தான் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேனே. உன் பின்னால எவன் வந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும். உள்ள வந்த அத்தனை பேரையும் பாத்த. எதிர்ல இருந்த என்னைத்தான் பாக்கல."

பதில் சொல்ல அவர் அவள் பக்கம் திரும்பினார். அதற்குள் திரையில் கடையின் கதவு திறந்தது. காஸிமிரின் கண் அங்கே ஓடிவிட்டது.