மூடி

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன் ஜன்னல் விளிம்பில் இருந்த ஜாடியின் மூடியைத் திருகினான். நேற்றுப் பார்த்த அதே சேறு, அதே கேரட் சக்கை, அதற்குள் பாதி புதைந்த, கரி இழையில் நெய்த கரித்துணி. ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பாக்டீரியாக்கள் உயிரோடுதான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டான். மூடியைப் போட்டுவிட்டு, வெளியே நீண்டிருந்த கம்பிகளை மீட்டரில் வைத்தான். மின்சார அளவு நேற்றைவிடவும் குறைந்திருந்தது.

பகலில் அவனுக்குப் பழச்சாறு கடையின் பின்கட்டில் கேரட் பிழியும் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் ஆரஞ்சு நிறம் போகாது. மாலையில் தொழிற்பயிற்சி வகுப்பு. இந்தப் பருவத்துக்கு அவன் எடுத்துக்கொண்டது சக்கையிலிருந்து மின்சாரம். கால்வாய்ச் சேற்றில் உள்ள பாக்டீரியா சக்கையைத் தின்னும். தின்றதில் கிடைக்கும் மின்னூட்டத்தைக் கரித்துணியில் இறக்கிவிடும். அது கம்பி வழியாகப் பக்கத்துத் தண்ணீர் ஜாடிக்குப் போகும் வழியில் கடுகு போல ஒரு சிவப்பு விளக்கை ஏற்ற வேண்டும். ஜாடி கொடுப்பது ரொம்பக் கொஞ்சம் என்பதால், அதைச் சேர்த்துவைத்து விளக்குக்கு அனுப்ப ஒரு சின்னச் சுற்றுப்பலகையையும் வகுப்பில் கொடுத்திருந்தார்கள். படிக்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

விளக்கு எரிய வேண்டும் என்பதற்கு அவனிடம் வேறொரு காரணம் இருந்தது. அக்கா இதே ஊரில்தான் இருக்கிறாள். மாமியார் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் வருகிறேன் என்ற ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரமாகிக்கொண்டிருந்தது. சும்மா வா என்று கூப்பிட அவனுக்கு வாய் வராது. போனில் ஜாடியைப் பற்றிச் சொன்னபோதுதான் அவள் குரல் நிமிர்ந்தது. "குப்பையில கரண்டா? எரிஞ்சா சொல்லுடா, கண்டிப்பா வந்து பாக்குறேன்" என்றாள்.

மறுநாள் வகுப்பில் பக்கத்து மேசைக்காரன் அவனுடைய மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாயைத் திறக்காதவன் என்று இவனுக்கு 'மூடி' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

"என்னடா மூடி, தெனமும் எறங்குது? காத்து உள்ள போகுதா?"

"இல்லையே. சாயங்காலம் தொறந்து பாத்துட்டு உடனே மூடிடுவேன்."

"தெனமுமா?"

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

லிஃப்ட்காரன் மேசையில் தட்டிச் சிரித்தான். "அடப்பாவி! காத்து இல்லைன்னாதான் அது வேற வழியில்லாம கரித்துணிக்குக் குடுக்கும். நீ தொறந்தா காத்துகிட்ட குடுத்துட்டுப் போயிடும். உன் வாய மட்டும் இறுக்கி மூடி வச்சிருக்க, அதோட வாய ஏன்டா தொறந்து தொறந்து பாக்குற?"

வகுப்பே சிரித்தது. இவனும் சிரித்து வைத்தான்.

அன்று மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, அதன்மேல் டேப் ஒட்டினான். அதற்குப் பிறகுதான் மாலைகள் நீண்டன. கதவைத் திறந்து வந்தால் திறந்து பார்க்க ஒன்றும் இல்லை. சுவரில் இரண்டு கொக்கிகள்; ஒன்றில் அவன் துண்டு, கல்யாணமாகிப் போன அறைத்தோழன் விட்டுப்போன மற்றொன்றில் எதுவும் இல்லை. ஜாடியின் வெளிப்புறத்தைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். நான்தான் அதைக் கெடுத்தேனா, அது முன்பே செத்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டான். கை தானாக மூடிக்குப் போகும்போதெல்லாம் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஒரு மாலை தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது ஜன்னலோரம் ஏதோ சிவப்பாகத் தெரிந்து மறைந்தது. பிரமை என்று நினைத்தான். ஈரக்கையோடு நின்றான். வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"எரியுதுக்கா."

எரியவில்லை, எப்போதாவது மின்னுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமியாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிற வழியில் அவள் வந்தாள். தோளில் பை, கையில் மருந்துச் சீட்டு. "எங்கடா?" என்று நின்றபடியே கேட்டாள். அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறை விளக்கை அணைத்தான்.

"ஒண்ணும் காணோமே?"

"இரு. வரும்."

"என்னடா, பஸ்ஸா? எரியுதுன்னு சொன்ன?"

இருட்டில் அவளுடைய வளையல் ஒருமுறை அசைந்தது. பிறகு அந்தச் சிவப்புப் பொட்டு மின்னி அணைந்தது.

"அட!" என்று அவன் கையைப் பிடித்தாள். "என்னப் பாத்துக் கண்ணடிக்குதுடா, திருட்டுப்பய!" சிரித்து முடித்ததும் மூச்சு விட்டாள். "சரிடா, நல்லா இருக்கு. கெளம்புறேன். அத்தை தேடுவாங்க."

அவள் கதவுப் பக்கம் திரும்புவது கேட்டது. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"இன்னொரு தடவ வரும்க்கா. பாத்துட்டுப் போ."

"எப்ப வரும்?"

"தெரியாது."

கட்டிலின் ஓரம் கிறீச்சிட்டது. அவனும் தரையில் உட்கார்ந்தான். இருவரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையின் வார் அவள் தோளிலிருந்து வழுக்கி முழங்கைக்கு இறங்கியது. அவள் அதை ஏற்றிவிட்டுக்கொள்ளவில்லை.