அந்தப் பக்கத்து அணில்வால்கள்

வாளியில் மீன் குடல் பாதிதான் இருந்தது. சாய்புவா கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து விரால், கெளுத்தி, திலாப்பியா என்று கூடை கூடையாகக் கிழித்துப் போட்டவள் அவள். எவ்வளவு குடல் சேர்ந்திருக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். தாய்லாந்தின் சகோன் நக்கோன் சந்தையில் தராசை ஏமாற்றியவர்கள் உண்டு. சாய்புவாவின் கையை ஏமாற்றியவர் இல்லை. மீன்காரிக்குப் பிறந்து, மீன் கூடைக்கு நடுவில் தவழ்ந்து, பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்தவள்.

"என்ன புவா, குடலைக்கூட அளந்து பாக்கறியா?" பக்கத்துக் கடையில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த முவாய் அத்தை கேட்டாள்.

"பாதி காணோம் அத்தை."

"காணாமப் போகலடி. உன் புருஷன் மூணு சக்கர வண்டியில ஜம்முனு ஏறி உக்காந்து, உன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் இறங்கிக்கிச்சு. அது போற வழி ஊருக்கே நாறுது. உனக்கு மட்டும் மூக்கடைப்பா?"

சாய்புவா சிரித்தாள். கடையில் உட்கார்ந்திருக்கும்போது கோபத்தைக் காட்டினால் சரக்கின் விலை இறங்கிவிடும் என்பது அவள் வளர்ந்த விதம். சிரித்தபடியே அடுத்த விராலை எடுத்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிழித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் என்றால் லம்துவான் வீடு. பெயரைக் கைபேசியில் பதிந்துவிட்டு வீட்டிலேயே கஞ்சாச் செடி வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னதும், அதுவரை கோழிக் குழம்புக்கு இரண்டு இலையைக் கமுக்கமாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஊர், கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் பகிரங்கமாக நட்டது. பெரும்பாலானோர் மூன்று மாதத்தில் சலித்துப்போனார்கள். சலிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் சாய்புவாவின் கணவன் தவின். இன்னொருத்தி லம்துவான். அவள் புருஷன் கொரியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பம் கட்டிக்கொண்டுவிட்டான். பாங்காக்கில் ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாவின் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து, முற்றத்தில் ஆறு தொட்டி வைத்தாள். மலையடிவாரத்து நாட்டு விதை. பூ நீளமாக, புசுபுசுவென்று வருவதால் அணில்வால் என்பார்கள்.

புத்த கோயிலை ஒட்டிய வைத்தியசாலை அந்தப் பூவை எண்ணெய் காய்ச்ச வாங்கிக்கொள்கிறது. ஆனால் மூட்டை உரம் ஒரு சிட்டிகை பட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே எல்லாம் வீட்டுப் பக்குவம்தான். எருமைச் சாணம், மூங்கில் புதருக்கடியில் சுரண்டிய மண், உமிக்கரி, பூச்சிக்கு வேப்பிலைத் தண்ணீர். இவற்றுக்கெல்லாம் மேலாக, மீன் குடலைக் கரும்புப் பாகில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட சாறு. அதை ஊறவைப்பதில் தவினுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. மூடியைத் திறந்து மோந்து பார்த்தே இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவான். மீன்காரியைக் கட்டிக்கொண்டதில் அவனுக்கு வாய்த்த ஒரே ஞானம் அது என்று சாய்புவா சொல்லிக்கொண்டிருந்தாள், சிரிப்பதற்கு ஏதாவது மிச்சமிருந்த காலத்தில்.

அவள் பொறாமைப்பட்டது முதலில் குடலைப் பார்த்துத்தான். யோசித்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தவின் என்ன தங்கமா? முன்பல்லில் ஒன்று கிடையாது. சந்தையில் சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். வீட்டில் ஒரு நாளைக்குப் பேசுவதைக் கைக்குட்டையில் முடிந்துவிடலாம். கடையின் மூலையில் வருடக்கணக்காகக் கிடக்கிற பானையை முதலாளி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எவளோ ஒருத்தி வந்து நின்று, அதைக் கையிலெடுத்து, விரலால் சுண்டிப் பார்க்கட்டும். "அது விக்கிறதுக்கு இல்ல" என்று முதலாளி பாய்ந்து வருவான். சாய்புவாவுக்கு இப்போது அந்தப் பாய்ச்சல்.

அன்று மாலை ஒரு கிண்ணம் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு அவள் வேலியைச் சுற்றிப் போனாள். கையில் கிண்ணம் இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். முற்றத்தை நெருங்கியபோதே தவினின் குரல் கேட்டது. பேசிக்கொண்டிருந்தான். கோர்வையாக, இடையிடையே சிரித்து. சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய், ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடும் மோலாம் குழுவில் ஒரு பருவம் முழுக்க இருந்தானாம். பாடகிக்குத் தலையில் வைக்கும் பூவை வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலையாம்.

சாய்புவா கிண்ணத்தோடு நின்றாள். இருபது வருடக் குடித்தனம். அவன் வயிற்றில் எந்தப் பக்கம் வலிக்கும் என்று தெரியும், எந்தப் பொய்க்கு எந்தக் காதைச் சொறிவான் என்று தெரியும். இது தெரியாது.

"வாங்க அக்கா!" லம்துவான் எழுந்து வந்தாள். "அண்ணன் சாற்றுக்கு இதுங்க எப்படி நிக்குது பாருங்க. பாங்காக்ல சலவைக்கு வந்த பட்டுத் துணிகூட இப்படி மின்னாது."

"சாறு அண்ணனோடதா இருக்கலாம். குடல் என்னோடது."

"அதான் அக்கா, உங்க புண்ணியம். வர்ற மாசம் வைத்தியர் வந்து பாக்கறாரு. பூ பிடிச்சுப்போச்சுன்னா வருஷா வருஷம் எடுத்துக்குவாராம். எடுத்துக்கிட்டா நான் இங்கயே இருந்துடுவேன். இல்லேன்னா மறுபடி பாங்காக் பஸ்தான். சலவைக்கூடத்துல இடம் காலியாத்தான் இருக்கு, கூப்பிட்டுட்டே இருக்காங்க."

"பாங்காக்கும் நல்ல ஊருதான்," என்றாள் சாய்புவா.

தவின் பேச்சை நிறுத்தியிருந்தான். மனைவியைக் கண்டதும் அவன் வாய் கடை சாத்திவிட்டது. அதுதான் அவளைக் குழம்புக் கிண்ணத்தைவிட அதிகமாகச் சுட்டது.

சாய்புவா வீட்டுப் பின்கட்டிலும் நான்கு தொட்டி இருந்தது. மூன்று மஞ்சளடித்துக் கிடந்தன. நான்காவது மட்டும் ஆள் உயரத்துக்கு, லம்துவானின் செடிகளையெல்லாம் தாண்டி வளர்ந்து நின்றது. அதற்குத் தினமும் மீன் கழுவின தண்ணீரை ஊற்றி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுச் செடியையும் வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குளிர்காற்று தொடங்கிய ஒரு காலையில் தவின் அதன் கணுவைப் புரட்டிப் பார்த்தான். கொத்துக் கொத்தாகச் சின்ன உருண்டைகள் தொங்கின.

"புவா, இது ஆம்பளை."

"அதனாலதான் வளந்திருக்கு, ஒண்ணுக்கும் உதவாம?"

"விளையாடாத. இது வெடிச்சா மஞ்சத் தூள் பறக்கும். பொட்டைப் பூ மேல பட்டுச்சுன்னா எல்லாம் விதையாப் போயிடும். அப்புறம் வைத்தியர் தொடமாட்டாரு. இன்னிக்கே பிடுங்கிப் போட்டுடு. எனக்கு ரெண்டு நடை சாமான் ஏத்தணும்."

வண்டி தெருமுனை திரும்பியது. அவள் செடியின் அடித்தண்டைப் பிடித்தாள். பிடுங்கத்தான் பிடித்தாள். அப்போது காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து வந்து, செடியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, லம்துவானின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பூப்போட்ட கைலியைத் தூக்கி ஆட்டியது. சாய்புவா கொஞ்ச நேரம் அந்தக் கைலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலிய வந்து நிற்கிற வாடிக்கையைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. ஒரு கெடுதலும் செய்யப் போவதில்லை, ஒன்றுமே செய்யாமல் இருக்கப் போகிறாள், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தொட்டியைச் சுழற்றிச் சுழற்றி நகர்த்தி, குளியலறைக்குப் பின்னால், பெரிய தண்ணீர்ச் சாடிகளின் மறைவில் வைத்தாள்.

"பிடுங்கிட்டியா?" சாயங்காலம் தவின் கேட்டான்.

"முவாய் அத்தை வீட்டுப் பன்னிக்குப் போட்டாச்சு."

சில நாள் கழித்து உருண்டைகள் திறந்தன. தொங்கும் மணிகள் போல மஞ்சளாக. காற்று அன்று பார்த்து அடங்கிக் கிடந்தது. ஒன்றுமே செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்த சாய்புவா, குளியலறைப் பக்கம் கூட்டப் போனாள். கூட்டும்போது துடைப்பக்கட்டை ஒரு முறை செடியின் மேல் பட்டது. மறுமுறை பட்டதையும் கை தவறியது என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் பட்டவற்றுக்கு அவளாலேயே பெயர் சொல்ல முடியாது. மஞ்சள் புகை ஒன்று எழுந்து, அவசரமில்லாமல் வேலியை நோக்கிப் போயிற்று. மறுநாள் செடியை வெட்டிக் கொளுத்தினாள்.

வைத்தியர் வந்த அன்று பாதித் தெரு லம்துவானின் முற்றத்தில் இருந்தது. மொட்டைத் தலை, வெள்ளைச் சட்டை. ஒரு பூவைக் கிள்ளி, மோந்து, கண்ணை மூடி, "மீன் சாறு. நல்லாப் புளிச்ச சாறு. இதுல மருந்து உரம் எதுவும் இல்ல" என்றார். லம்துவானின் முகம் விரிந்தது. தவினின் முகமும் விரிந்தது. அதைச் சாய்புவா பார்த்தாள். வைத்தியர் பூவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். கரகர என்று ஒரு சத்தம். உள்ளங்கையில் சின்னச் சின்ன விதைகள் உருண்டன.

"அடடா! மாசமா இருக்காளே!" என்றார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். லம்துவான் சிரிக்கவில்லை. அடுத்த செடிக்குப் போய் நசுக்கினாள், அதற்கடுத்ததற்குப் போனாள். எல்லாம் கரகரத்தன. அவள் அழவும் இல்லை. பாங்காக் பஸ்ஸின் முன்படியில் ஏற்கெனவே ஒரு காலை வைத்துவிட்டவள் போல நின்றாள். சாய்புவாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. இனித்த கையோடு கசந்தது. ஆனாலும் இனிப்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

"பூவா நான் எடுக்க முடியாது," வைத்தியர் சொன்னார். "ஆனா சரக்கு சுத்தம். இவ்வளவு சுத்தமா இந்தப் பக்கத்துல யாரும் வளர்க்கல. ஒண்ணு பண்ணுங்க. அறுத்துக் காயவச்சு, ஒவ்வொரு பூவாப் பிரிச்சு, ஒரு விதை இல்லாமப் பொறுக்கி எடுத்துக் குடுங்க. முட்டிவலித் தைலத்துக்கு எடுத்துக்கறேன். அடுத்த வருஷப் பூவையும் பேசிக்கலாம். பொறுமை வேணும், ஒரு ஆளால ஆகாது."

"நான் இருக்கேன்," என்றான் தவின். வீட்டில் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க மூன்று கேள்வி செலவாகும். இங்கே கேட்காமலே வந்தது.

அப்படித்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள். கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய லம்துவானின் வீட்டுக்கடியில், தூண்களுக்கு நடுவே, ஒரே பாய். நடுவில் ஒரு முறம், பக்கத்தில் விதைக்கு ஒரு தட்டு. இரண்டு பேரும் குனிந்து ஒரே முறத்தில் விதை பொறுக்கினார்கள். வெளிச்சத்துக்காக லம்துவான் அவன் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரே பூக்குவியலுக்குள் இருவர் விரல்களும் போய்ப் போய் வந்தன. முன்னாலென்றால் ஒரு வாளி ஊற்றும் நேரம்தான் அவன் அங்கே இருப்பான். இப்போது சாமான் ஏற்றிய நேரம் போக மீதி முழுவதும் அங்கேதான். சாய்புவா தன் வீட்டு ஏணிப்படியில் உட்கார்ந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டினாள். உருண்டை வாய்க்குப் போகாமல் கையிலேயே இறுகிக்கொண்டிருந்தது. காசைக் கொட்டி எதிரிக்குக் கடை வைத்துக் கொடுத்தவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

சந்தையில் முவாய் அத்தை விடவில்லை. "இன்னிக்கும் விதை பொறுக்கத்தானா? அரிசியில கல்லு பொறுக்கக்கூட என் புருஷன் ஒரு நாளும் பக்கத்துல உக்காந்ததில்லடி. உன் ஆளு குடுத்துவச்சவன்."

அன்று சாய்புவா மீனை விற்று முடிக்காமலே கடையைச் சாத்தினாள். கிண்ணம் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், வெறுங்கையோடு வேலியைச் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றி, இருவருக்கும் நடுவில் இல்லாத இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இடம் உண்டாயிற்று.

"அக்கா, உங்களுக்குக் கடை இருக்கே," என்றாள் லம்துவான்.

"மீன் ஓடிடாது."

சாய்புவா ஒரு பூவை எடுத்துப் பிரித்தாள். காய்ந்த பூ உதிரும் சத்தம் மட்டும். பிறகு லம்துவான் ஒரு விதையை நகத்தால் உருட்டியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "யார் வீட்டு ஆம்பளைச் செடியோ."

"நம்ம வீட்டுது இல்ல," என்றான் தவின். "அதைப் பன்னி தின்னுடுச்சு. இல்லையா புவா?"

"தின்னுடுச்சு."

"முவாய் அத்தை வீட்டுப் பன்னிக்கு நேத்துதான் தவிடு ஏத்திட்டுப் போனேன். செடியைப் பத்தி அத்தைகிட்டக் கேட்டேன். எந்தச் செடின்னாங்க." அவன் ஒரு பூவைப் பிரித்தான். விதையைத் தட்டில் போட்டான். இன்னொரு பூவை எடுத்தான். "பன்னி நல்லாத்தான் இருக்காம்."

அவன் காதைச் சொறியவில்லை. சாய்புவா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவன் வேறு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம், பேரத்தைத் தொடங்கலாம். அவன் விலையே சொல்லாமல் சரக்கை முன்னால் வைத்துவிட்டு, பூவைப் பிரித்துக்கொண்டிருந்தான். லம்துவானுக்குப் புரிந்ததா இல்லையா என்று அவள் விரல்களைப் பார்த்தாள். அந்த விரல்கள் ஒரு கணம் நின்று, பழையபடி பொறுக்கத் தொடங்கின. தட்டு மட்டும், எப்போது என்று தெரியவில்லை, சாய்புவாவின் பக்கமாக நகர்ந்து வந்திருந்தது.

வெயில் இறங்கியபோது முறம் காலியானது. சாய்புவா எழப் பார்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கறுத்த பிசின், மீன் செதிலைவிடப் பிடிவாதமானது. பாவாடையில் துடைத்தால் பாவாடையும் வந்தது. லம்துவானும் அப்படித்தான், ஐந்து விரலையும் விரிக்க முடியாமல், குழந்தை போலக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்குப் போகாது," தவின் எழுந்தான். "எண்ணெய் வேணும்."

அவன் லம்துவானின் அடுப்படிக்குள் போனான். எந்த மாடத்தில் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதைச் சாய்புவா கவனித்தாள். தேங்காயெண்ணெய்ப் புட்டியோடு வந்து இருவருக்கும் எதிரில் குந்தினான்.

லம்துவான் கையை நீட்டினாள். அதே நேரத்தில் சாய்புவாவும் நீட்டினாள். நான்கு கைகள், ஒரே கறுப்பு, எது யாருடையது என்று சட்டென்று சொல்ல முடியாதபடி. தவின் மூடியைத் திறந்து புட்டியைக் கவிழ்த்தான். குளிருக்கு எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. அவன் புட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடேற்றினான், வாயருகே கொண்டுபோய் ஊதினான், மறுபடி கவிழ்த்துப் பிடித்தான். கழுத்துப் பக்கத்தில் வெள்ளை கொஞ்சம் கலங்கி, ஓரத்தில் கண்ணாடியாகி, ஒரு துளி திரண்டு விளிம்பில் வந்து தொங்கியது. யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.