விசிலுக்கு முந்தைய நடை

பழக் கிடங்கில் மேஸ்திரி விசில் ஊதினால் தள்ளுவண்டிக்காரர்கள் ஓட வேண்டும். முதல் நடையில் கடைசியாக வருகிறவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. அங்கே வண்டி தள்ளும் ஒருத்திக்குப் பாதி வழியில் தொடை கல்லாக இறுகும்; அவள்தான் அடிக்கடி வீட்டுக்குப் போனாள். இன்னொரு தடவை கடைசியாக வந்தால் ஒரேயடியாக நின்றுகொள்ளச் சொல்லிவிட்டான் மேஸ்திரி.

"சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு நடிப்பா, அண்ணி?" என்பாள் கூடவே வேலை செய்யும் நாத்தனார். ஒரு நாள் ஓடி முடித்ததும் அண்ணிக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனபோது அந்த நாத்தனார்தான் பதறி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

சோதனைகள் முடிந்ததும் டாக்டர் நேராகச் சொன்னார்: "சதைக்குள்ள சர்க்கரையைக் கோத்துக் கோத்துச் சேத்து வெச்சிருக்கு. கிளைகோஜன்னு பேரு. அதை ஒவ்வொண்ணா அறுத்தெடுக்கிற நொதி உங்க சதையில பிறவியிலேயே இல்ல. ஈரல்ல இருக்கிறது வேற நொதி, அது நல்லா வேலை செய்யுது. மெதுவா நடந்தீங்கன்னா ஈரல் அறுத்த குளுக்கோஸ் ரத்தத்தோட வந்து சேரும், கொழுப்பும் எரிய ஆரம்பிக்கும். அதுவரைக்கும் அவசரம் கூடாது. வலிச்சா நின்னுடுங்க; மீறினா சதை உடைஞ்சு இப்படிச் சிறுநீர்ல இறங்கும். மூட்டை தூக்கவே தூக்காதீங்க."

"சரக்கு உள்ளேயே இருக்கு, பூட்டு திறக்கல. அவ்வளவுதானே?" என்று எழுந்தாள் அவள்.

உடம்பு தேறியதும் விசிலுக்கு முன்பே வந்து முற்றத்தைச் சுற்றி நடந்தாள்.

"கிடங்கை வாங்கப் போறீங்களா அண்ணி? இப்படி அளக்குறீங்க?"

தொடை இறுகியது. நின்றாள். விட்டதும் மறுபடி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கால் லேசானது. ஈரல் அனுப்பிய சரக்கு வந்துவிட்டது.

லாரிதான் வரவில்லை. எல்லோரும் நிழலில் சாய்ந்தார்கள்.

"உக்காரும்மா, நீ சுத்துறதைப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றான் மேஸ்திரி.

"நீங்க கண்ணை மூடிக்குங்க. நான் உக்காந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

நாத்தனார் முனகிக்கொண்டே எழுந்து கூட நடந்தாள். "எனக்கும் ஈரல் இருக்கில்ல."

லாரி வந்தது. விசில். அவள் ஓடவில்லை; நிற்காமல் நடந்தாள். மேஸ்திரியின் மச்சினன், பட்டப்பெயர் பீமன், தூக்கக் கலக்கத்தில் எழுந்து, பெருமைக்கு ஓர் அடுக்குக் கூடுதலாக ஏற்றி, வாசல்படியில் கவிழ்த்தான். ஆரஞ்சுகள் உருண்டன. கடைசியாக வந்தவன் அவன்தான்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினான். "இன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்."

அவள் வண்டியை நிறுத்தினாள். "அப்ப நாளைக்கும் வேண்டாம்னு சொல்லிடுங்க மேஸ்திரி. எல்லார் காதுலயும் விழட்டும்."

எல்லா வண்டிகளும் நின்றன. பீமன் ஆரஞ்சு பொறுக்குவதை விட்டு நிமிர்ந்தான்.

"நாளைக்கும் வேண்டாம்" என்றான் மேஸ்திரி.

"சீக்கிரம் தள்ளுங்க, கால் ஆறிடப் போகுது" என்று அவள் முன்னால் போனாள்.