இருபத்தெட்டு சதம் புரதம்

கிரேஸ் நாய்த் தீவனத்தை வாயில் போட்டு மென்ற அன்றிலிருந்துதான் அரவிந்தவல்லிக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் அது. கடம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தீவன ஆலையில் அதுவரை மாட்டுக்கும் கோழிக்கும்தான் அரைத்துக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழும்ப ஆரம்பித்ததும் காவல் நாய்களுக்குக் கிராக்கி வந்துவிட்டது. ராணுவத்தில் நாய்களைப் பழக்குகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பாக்கியநாதன், அங்கே ஒரு கொட்டகை போட்டு நாய்களை வளர்த்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் அத்தனை நாய்களுக்கும் சோறும் கறியும் ஆக்கிப் போட்டு அவருக்குச் சலித்துவிட்டது. மூட்டையைப் பிரித்து அப்படியே தட்டில் கொட்டுகிற மாதிரி, காய்ந்த உருண்டைகளாகத் தீவனம் செய்து தர முடியுமா என்று ஆலை முதலாளி துளசிராமனிடம் கேட்டிருந்தார்.

ஆலையின் சோதனைக் கூடத்தில் இரண்டு பெண்கள். அரவிந்தவல்லி திருவள்ளூர்க்காரி. அவளுடைய அப்பா கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர். மாமிசத் தூளையும் எலும்புத் தூளையும் கையால் அளக்கிற வேலைக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அம்மா ஒரு மாதம் பேசவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் கொல்லை வழியாக வந்து, தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். மார்கழியிலும் அப்படித்தான். இத்தனையும் பொறுத்துக்கொண்டு அவள் பிடித்து வைத்திருந்த இடம் அந்தச் சோதனைக் கூடம். வேலைக்காரர்கள் அவளை 'லேப் அம்மா' என்பார்கள்.

கிரேஸ் வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. கூலி வேலை செய்துவிட்டு இப்போது இரும்பு உருக்கும் ஆலைக்குப் போகிற ஒருவரின் மகள். மெட்ராஸில் விடுதியில் தங்கி, அரவிந்தவல்லி படித்த அதே ரசாயனப் பட்டத்தைப் படித்தவள். இப்போது திருநின்றவூரில் அத்தை வீட்டிலிருந்து ரயிலில் வருவாள். அவள் வந்த மறுவாரமே வேலைக்காரர்கள் அரவிந்தவல்லியைப் 'பெரிய லேப் அம்மா' என்று மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் 'பெரிய' ஒவ்வொரு தடவையும் அவளைச் சுருக்கென்று தைத்தது. பெரியது என்று ஒன்று இருந்தால் சின்னது ஒன்றும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

துளசிராமன் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு கலவை தயார் பண்ணச் சொன்னார். இரண்டையும் பாக்கியநாதனின் நாய்களுக்குக் கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்பது, அப்புறம் ஒன்றை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

முதல் உருண்டைகள் மிஷினிலிருந்து சூடாக விழுந்த அன்று முதலாளியும் வந்து நின்றார். அரவிந்தவல்லி இரண்டையும் உடைத்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், காகிதத்தில் தேய்த்து எண்ணெய் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். கிரேஸ் தன் கலவையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"கோதுமத் தவுடு ஜாஸ்தியாய்டுச்சி சார். நாக்குல ஒட்டுது. கொஞ்சம் கொறச்சிட்டா சரியாப் பூடும்."

துளசிராமன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அடேங்கப்பா! வேலைன்னா இப்டி இருக்கணும். பாத்தியாம்மா அரவிந்தா?"

அரவிந்தவல்லி பார்த்தாள். அவளால் செய்யவே முடியாத ஒன்றை இந்தப் பெண் வெற்றிலை பாக்குப் போடுவது மாதிரி செய்துவிட்டாள். படித்தோ ராத்திரி கண் விழித்தோ எட்டிப் பிடிக்கக்கூடிய விஷயமாக இருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். இது அப்படி இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

அதனால் எண்களில் ஜெயிப்பது என்று முடிவு பண்ணினாள். நாய்க்குப் புரதம் முக்கியம். தணிகாசலம் என்கிற வியாபாரி கொண்டுவந்த மாமிசத் தூளைக் கலந்து சோதித்தபோது, புரதம் இருபத்தெட்டு சதம் வந்தது. கிரேஸின் கலவை கடலைப் புண்ணாக்கும் சோளமும் கோதுமைத் தவிடும் பழவேற்காட்டுக் கருவாட்டுத் தூளும் சேர்ந்தது. அதில் இருபத்திரண்டுதான். முதலாளி இருபத்தெட்டைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தை நினைத்துக்கொண்டே அரவிந்தவல்லி வீட்டுக்குப் போனாள். அன்று கொல்லைத் தண்ணீர்கூடச் சில்லென்று படவில்லை.

மறுநாள் கிரேஸ் ஒரு கண்ணாடி டம்ளரோடு அவளிடம் வந்தாள்.

"அக்கா, தணிகாசலம் சரக்கு ஒரு மாதிரி கீதுக்கா. ராத்திரி பூரா தண்ணில ஊறப் போட்டேன், எளகவே இல்ல. நாரு நாரா நிக்குது. தோல் பதனிட்ற ஷாப்பு வாசன அடிக்குது பாருங்க."

"டெஸ்ட்ல இருபத்தெட்டு வந்திருக்கு. உன் மூக்கை நம்பணுமா, டெஸ்ட்டை நம்பணுமா?"

"டெஸ்ட்டு சரிதாங்க்கா. ஆனா அது..."

"உன் சரக்கை நீ பாரு கிரேஸ்."

"சரிக்கா," என்று கிரேஸ் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். முதலாளியிடம் போய் எதுவும் சொல்லவில்லை. பொறாமையில் வந்து கொளுத்திப் போட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை என்று அரவிந்தவல்லி நினைத்துக்கொண்டாள்.

மூட்டைகள் போய் இரண்டு வாரம் கழித்து, ஆலை வேனில் ஏறி வெங்கல், பெரியபாளையம் வழியாக அவளே கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். கிரேஸ் அண்ணன் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். கிரேஸின் கலவையில் ஏதாவது ஓட்டை இருக்கும், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

பாக்கியநாதன் கொட்டகையில் நாய்களை இரண்டு வரிசையாகக் கட்டியிருந்தார். இடது பக்கம் அரவிந்தவல்லியின் தீவனம், வலது பக்கம் கிரேஸின் தீவனம். இடது பக்கத்து நாய்கள் தட்டை நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வலது பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி எல்லாம் காலி. ஒரு நாய் வெறும் சட்டியை உருட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் தண்ணி ஊத்தி மாளலம்மா," என்றார் கூடையோடு வந்த கொட்டகை ஆள் சின்னதுரை. "இந்தப் பக்கம் பீ அள்ளி மாளல. துன்றது அத்தினியும் அப்டியே வந்துடுது போல."

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அரவிந்தவல்லி நிஜமாகவே நல்ல ரசாயனக்காரி. 'அப்படியே வந்துவிடுகிறது' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். நாய் என்றாலே பத்தடி தள்ளி நிற்பவள், சின்னதுரையிடம் இரண்டு பழைய ஊறுகாய் ஜாடிகளைக் கேட்டு வாங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு வரிசையிலிருந்தும் கழிவைத் தனித்தனியாகத் தானே அள்ளி மூடினாள். பாக்கியநாதன் வாயைத் திறந்தபடி நின்றார்.

கிரேஸ் திரும்பி வருவதற்குள், கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு, அந்தக் கழிவைக் காயவைத்துப் பொடித்து, தீவனத்துக்குச் செய்த அதே சோதனையைச் செய்தாள். அந்தச் சோதனை நைட்ரஜனைத்தான் கணக்கெடுக்கும். கறியிலும் நைட்ரஜன் உண்டு, தோலிலும் உண்டு, கொம்பிலும் மயிரிலும்கூட உண்டு. எதை நாயின் வயிறு ஏற்கும், எதைத் தள்ளும் என்று அதற்குத் தெரியாது. வெளியே வந்ததையும் சோதித்தால்தான் உள்ளே தங்கியது எவ்வளவு என்று புலப்படும். அவள் தீவனத்தில் போன புரதத்தில் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. கிரேஸின் தீவனத்தில் சொற்பம்தான் வந்திருந்தது. தணிகாசலம் விற்றது அரைத்த தோல் கழிவு. இருபத்தெட்டு என்பது சோதனைக் குடுவைக்குத்தான் இருபத்தெட்டு, நாய்க்கு இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் முகர்ந்தே சொன்னாளே என்ற நினைப்பு வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் வந்தது எரிச்சல்தான்.

எழுந்து, கிரேஸின் தீவனத்தில் உப்பு எவ்வளவு என்று பார்த்தாள். கருவாட்டு உப்பு முழுக்க அதில் இறங்கியிருந்தது. தண்ணீர்ச் சட்டிகள் காலியானது அதனால்தான். அது நிஜமான குறை. இப்படியே போட்டால் நாய்களுக்கு உடம்பு கெட்டுவிடும்.

அவள் முதலாளியிடம் போனாள். உப்பைப் பற்றி மட்டும் சொன்னாள்.

துளசிராமன் கிரேஸைக் கூப்பிட்டு, மிஷின் ஆட்கள் நாலு பேர் நிற்கும்போதே கத்தினார். "வாயில போட்டுப் பாத்தியே, உப்பு தெரிலியா? நாய்ங்கள சாவடிச்சிருப்பியே!" கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கருவாடு தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த உப்பு உப்பாகவே பட்டிருக்காது. அரவிந்தவல்லி இதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரயிலில் கிரேஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"நல்ல வேள நீங்க பாத்தீங்கக்கா. எனக்கு அந்த ரோசனையே வரல. கருவாட்ட ரெண்டு தண்ணில அலசிக் காயவெச்சி அரைக்கச் சொல்லிட்டேன். தேங்க்ஸ்க்கா."

திட்டியிருந்தால் அரவிந்தவல்லி தாங்கியிருப்பாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வார முடிவில் துளசிராமன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பாக்கியநாதன் கிட்ட பேசிட்டேம்மா. உன்னுதுதான். புரோட்டீனு ஜாஸ்தி, நாய்ங்களும் தட்ட நக்குதாம். அடுத்த மாசத்துலேந்து குட்டிங்களுக்கும் இதையே போடப் போறாராம். மூட்டைமேல தைக்கிற சீட்டுல இருபத்தெட்டு சதம்னு போட்டு, கீழ உன் கையெழுத்து."

ஜெயித்துவிட்டாள். இனி 'லேப் அம்மா' என்றால் அவள்தான். வீட்டுக்குப் போய்க் குளித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். நாய்கள் தட்டை நக்கியது ருசியில் இல்லை, பசியில் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாய்க்குட்டிகள்மேல் அவளுக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் தப்பு என்று தெரிந்த ஓர் எண்ணுக்குக் கீழே தன் கையெழுத்து ஊர் ஊராகப் போவதை நினைத்தால் உடம்பு கூசியது. அம்மாவோடு சண்டை போட்டு அவள் வாங்கிய பெயர் அது.

காலையில் போனதும் முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

"சார், என் கலவை வேண்டாம். கிரேஸோடது போதும்."

"இன்னாம்மா இது பேஜாரு? நேத்துதானே முடிவாச்சி!"

தோல் கழிவைப் பற்றியும், ஊறுகாய் ஜாடிகளைப் பற்றியும், பாதிக்கு மேல் வெளியே வந்ததைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கிரேஸ் முதலிலேயே சொன்னதையும் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

துளசிராமன் உடனே, இனி சரக்கு வேண்டாம் என்று தணிகாசலத்துக்கு ஆள் அனுப்பினார். மத்தியானத்துக்குள் நாய்த் தீவனப் பிரிவு முழுக்கக் கிரேஸின் கைக்குப் போனது. கும்மிடிப்பூண்டியிலேயே அவளுக்கு ஒரு சின்னக் கூடமும் வைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். அரவிந்தவல்லிக்குப் பழையபடி மாடும் கோழியும்.

கிரேஸ் ஓடிவந்தாள். "அக்கா! வெளிய வந்தத டெஸ்ட்டு பண்ணீங்களாமே! நீங்களே அள்ளினீங்களா?"

"ஆமாம்."

"எனக்கு மூக்குல பட்டுச்சி, அவ்ளோதான். நிரூபிக்க வழி தெரியாமத்தான் வாய மூடிக்கினேன். நீங்க எப்டிக்கா யோசிச்சீங்க? சத்தியமா சொல்றேன், எனக்கு வயிறு எரியுதுக்கா." சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

இத்தனை மாதமாக அரவிந்தவல்லி உள்ளுக்குள் போட்டுப் புழுங்கிய அதே விஷயத்தை, இவள் சிரித்துக்கொண்டே வெளியே கொட்டிவிட்டாள். இதிலும் முந்திக்கொண்டாளே என்று இருந்தது.

"எப்டிக்கா செஞ்சீங்க, சொல்லுங்க. அங்க போய் நானும் செஞ்சி பாக்கணும்."

சொன்னாள். எவ்வளவு அள்ளுவது, எந்தச் சூட்டில் காயவைப்பது, எப்படிப் பொடிப்பது, எப்படிக் கணக்குப் போடுவது. ஒன்றை மட்டும் விட்டாள். காயவைக்கும் முன் கழிவின்மேல் கொஞ்சம் அமிலம் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் நைட்ரஜன் ஆவியாகப் பறந்துபோய்க் கணக்கு உதைக்கும். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் விட்டாள்.

கிரேஸ் கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு நாள் ஆலைக்குப் போன் வந்தது. துளசிராமன் கூப்பிட்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, நான் கிரேஸ் பேசறேன். நாலு தடவ செஞ்சிட்டேன், கணக்கு ஒதைக்குதுக்கா. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது. நான் இன்னா தப்பு பண்றேன்னே தெரில."

குரல் களைத்திருந்தது. அரவிந்தவல்லி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. கொஞ்ச நேரம் அதை அங்கேயே வைத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள். "ஒரு பேப்பர் எடுத்துக்கோ. உனக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."